ஸ்கேல் மாஸ்டரின் இடது கை

கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "இன்னைக்கு யாரைப் பாத்தாலும் மணிக்கட்டு உடையுது. பல் டாக்டருக்கு உடையுது, வக்கீலுக்கு உடையுது, புதுசா வந்த அந்தம்மாவுக்கும் உடையுது."

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். "ஐயையோ, என்னங்க ஆச்சு? மேல ஏதாவது இடிஞ்சு விழுந்துடுச்சா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கோல்ஃப் பாஷையில் மணிக்கட்டு உடைவது என்றால் எலும்பு முறிவது இல்லையாம். பந்தை அடிக்கிற நேரத்தில் இடது மணிக்கட்டு நேராக நிற்காமல் பின்பக்கம் வளைந்துபோவதாம். அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கோல்ஃப் வாத்தியார் என்றதும் பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டத்தான் சேர்ந்தார். அப்போது இருந்த வாத்தியாருக்கு முதுகு வலி, குனிந்து பந்து வைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். இவர் போய் நின்றார். பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் பழகிக்கொண்டார். அந்த வாத்தியார் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனபோது, "புது ஆள் வர்ற வரைக்கும் நீ சமாளி" என்றார் மேனேஜர். புது ஆள் வரவே இல்லை. இவரே ஒட்டிக்கொண்டார். சர்டிஃபிகேட் கிடையாது, போட்டியில் ஜெயித்த கோப்பை கிடையாது. பழைய வாத்தியாரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் ஓட்டினார். அந்த விஷயம் மணிக்கட்டு.

அதை நான் சொன்னால் உங்களுக்கே புரியும். எனக்குப் புரிந்துவிட்டதே! கோல்ஃப் மட்டையின் அடியில் பந்தைத் தொடுகிற பட்டையான பாகம் இருக்கிறது. அதற்கு முகம் என்று பெயர். வலது கைக்காரர் ஒருவர் அடிக்கும்போது இடது கைதான் மட்டையின் மேல்நுனியைப் பிடித்திருக்கும். அந்த இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக வளைந்தால் முகம் திறந்துகொள்ளும், பந்து வலப்பக்கம் ஓடிவிடும். உள்ளங்கைப் பக்கமாக மடங்கினால் முகம் மூடிக்கொள்ளும், பந்து இடப்பக்கம் போகும். புறங்கையும் முன்கையும் ஒரே கோடாக இருந்தால் முகம் நேராகப் பார்க்கும், பந்தும் நேராகப் போகும். அவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கோடு வளையாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். படிக்க வருகிறவரின் இடது கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் ஒரு மரஸ்கேலைச் செருகிவிடுவார். மணிக்கட்டு பின்னால் வளைந்தால் ஸ்கேல் புறங்கையில் சுருக்கென்று குத்தும். அதனால்தான் ஸ்கேல் மாஸ்டர் என்று பெயர் வந்தது. எங்கள் மகளின் பள்ளிக்கூடப் பையில் ஸ்கேல் தங்கியதே இல்லை. "அப்பா, கணக்கு டீச்சர் என்னை வெளியில நிக்க வெக்கிறாங்க" என்று அழுவாள். "கோடு போடத்தானே? நோட்டு ஓரத்தை வெச்சுப் போடு" என்பார் இவர். அப்பேர்ப்பட்ட தகப்பன்.

யாருடைய கையைப் பார்த்தாலும் இந்த நினைப்புதான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருப்பவர், தட்டு ஏந்தி வருகிற சர்வர், ஒருவரையும் விடமாட்டார். நான் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். பெண்களுக்கான கடை, சின்னது, இரண்டே நாற்காலி. அங்கேயும் வந்து வாசலில் நின்றுகொண்டு, "கத்திரியைத் தூக்கறப்போ உனக்கும் உடையுது" என்பார்.

"இது முடிங்க, பந்து இல்ல. வேலையைப் பாத்துட்டுப் போங்க" என்பேன். நாற்காலியில் இருக்கிற பெண்கள் துண்டுக்குள் சிரிப்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டு கிடையாது. பிடியைத் தொடக்கூடாது. மணிக்கட்டு சரியாக வராதவர்கள், மட்டையைப் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பார்களாம். இடது கையைக் கைப்பிடியின் மேலே வலப்பக்கமாகச் சற்றுத் திருப்பிப் பிடித்தால், மணிக்கட்டு பின்னால் வளைந்திருந்தாலும் முகம் நேராக வந்துவிடுமாம். அதைச் செய்தால் இவருக்குக் கோபம் வந்துவிடும். "அது கள்ளத்தனம். கையைச் சரி பண்ணுங்க சார், பிடியைத் தொடாதீங்க" என்பார். பல் டாக்டர் பல வருஷம் இவரிடம் கற்றுக்கொண்டார். நல்ல மனுஷர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் மணிக்கட்டு கடைசிவரை நேராகவில்லை. இவரும் கடைசிவரை பிடியை மாற்ற விடவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு நாள் நின்றது. பயிற்சி செய்யும் இடத்தில் சிமெண்ட் தரைமேல் ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள். நாள் முழுக்க அதன்மேல் வைத்துப் பந்தை அடித்துக் காட்டுகிறவருக்கு, மட்டை தரையில் இடிக்கிற ஒவ்வொரு இடியும் மணிக்கட்டில்தான் இறங்கும். முதலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டார். பிறகு தோல் பட்டை மாட்டிக்கொண்டார். என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு மத்தியானம், கடையில் ஒரு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது.

"இங்க பாரு, என் மணிக்கட்டு உடையுது" என்றார். குரல் என்னவோ போல இருந்தது.

"அப்போ ஸ்கேலைச் செருகிக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வேன்? அந்த வார்த்தையை வீட்டில் ஈயைப் போலப் பறக்கவிட்டது அவர்தானே. சாயம் பூசிய கையைத் துடைத்தேன், அந்தப் பெண்ணின் நெற்றியில் வழிந்ததையும் துடைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மைதானத்துக்கு ஓடினேன். கை வீங்கிப்போய், கழுவும் தொட்டியில் குழாய்த் தண்ணீருக்கு அடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, சுற்றி வளைக்காமல் பேசினார். "மணிக்கட்டுல சின்னச் சின்ன எலும்பு நிறைய இருக்கு. அதுல ஒண்ணுக்கு ரத்தம் போகாம செத்துப்போச்சு. நொறுங்கிப் பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடுச்சு. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, மேல ஒரு ஸ்டீல் தகடு வெச்சு இறுக்கிடலாம். வலி போயிடும். விரல் மடங்கும், கையைத் திருப்பலாம். ஆனா மணிக்கட்டு அசையாது. எந்த நிலையில வெக்கிறோமோ, வாழ்நாள் பூரா அதே நிலைதான்."

"எந்த நிலையில வெப்பீங்க?" என்றார் இவர். வலியைப் பற்றிக் கேட்கவில்லை, எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்.

"கொஞ்சம் பின்பக்கமா வளைச்சு வெப்போம். எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஐயோ டாக்டரம்மா, அது திறந்த முகம்!"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் அவருக்கு நான்தான் முகம், மட்டை, பந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மணிக்கட்டை உள்பக்கமா மடக்கிட்டு இறுக்கமா முஷ்டி பிடிங்க" என்றார். பிடித்தேன். விரல்கள் தொளதொளவென்று இருந்தன. "இப்போ கொஞ்சம் பின்னால வளைச்சுட்டுப் பிடிங்க." பிடித்தேன். இரும்பு மாதிரி இறுகியது. "பாத்தீங்களா? பின்னால வளைஞ்சிருந்தாத்தான் பிடியில பலம் இருக்கும். வாளி தூக்கணும், பாட்டில் மூடி திறக்கணும், பஸ்ல கம்பியைப் பிடிக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு வாளி வேண்டாம். பந்து வலப்பக்கம் ஓடாம இருக்கணும். உள்பக்கமா ஒரு நூல் அளவு மடக்கி வெச்சுடுங்க, போதும்" என்றார் இவர்.

"உள்பக்கம் மடக்க மாட்டேன். அது நான் செய்யக்கூடாத வேலை."

"அப்போ நேரா. ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா."

"நேரா வெக்கலாம். சிலருக்கு வெச்சிருக்கேன். ஆனா உங்க கை ஏற்கெனவே சூம்பிப் போயிருக்கு. பலம் இன்னும் குறையும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது. யோசிச்சுட்டு வாங்க."

யோசிப்பதற்காக ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்தோம். யோசித்தது நான் மட்டும்தான். அவர் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தம்மா சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? இது உங்க கை. கோல்ஃபுக்குன்னு தனியா ஒரு கை மாட்டிவிடப் போறதில்ல."

"மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? 'மாஸ்டர் அடிக்கிற பந்தே வலப்பக்கம் போகுது, இவரு மத்தவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாரு'ன்னு பேச்சு வந்துடுச்சாம். மைதானத்தை மறுபடி திறக்கிற தொடக்க நாள்ல நான் நேரா அடிச்சுக் காட்டணும். இல்லன்னா வேற ஆள் பாக்கறேன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு."

"பாக்கட்டும். நம்ம கடை இருக்கு. அதைப் பெருசாக்கலாம். நீங்க கணக்கு வழக்கைப் பாத்துக்கங்க."

"பொம்பளைங்க முடியைக் கூட்டி அள்ளச் சொல்றியா?"

சுர்ரென்று ஏறியது எனக்கு. இத்தனை காலமும் அந்த முடிதான் மகளைப் படிக்க வைத்தது. சொன்னேன், அதையும் சொன்னேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவர் ஒற்றைக் காலில் நின்றார். நேராகத்தான் வைக்க வேண்டும். மகள் ஃபோனில் மன்றாடினாள். கல்லில் நார் உரித்த கதைதான். கடைசியில் நேராகவே வைத்தார்கள்.

கட்டுப் பிரித்த அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. புறங்கையிலிருந்து முன்கைவரை ஒரே தழும்பு, அடியில் தகடு. மேஜைமேல் கையை வைத்து, மகளின் பழைய ஸ்கேலை எடுத்து அதன்மேல் வைத்தார். மேடுபள்ளம் இல்லாமல் உட்கார்ந்தது. "பாத்தியா? இனிமே ஸ்கேலே வேண்டாம். உள்ளேயே வெச்சுத் தெச்சுட்டாங்க" என்றார். கோபத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் அடித்துப் பழக ஆரம்பித்தார். மெதுவாக, தட்டி விடுவது போல. பந்து நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்ப்பேன். ஒவ்வொரு பந்துக்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். போனால் போகிறது, அவர் நினைத்தது நடந்தால் சரி என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. முழு வேகத்தில் அடிப்பதை மட்டும் நான் இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டம்மா மட்டும் ஒரு முறை, "உங்க வீட்டுக்காரர் பந்தைத் தேடி வலப்பக்கத்துப் புதர்லேயே கிடக்கறாரே, பாம்பு கீம்பு இருக்கப்போகுது" என்று சொன்னார்.

தொடக்க நாள் வந்தது. மைதானத்தை மூடி வைத்துப் புல்லைத் தேற்றிவிட்டு மறுபடி திறக்கும் நாள் அது. முதல் பந்தை வாத்தியார்தான் அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். எல்லோரும் கையில் குளிர்பானத்தோடு அரைவட்டமாக நின்றிருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் கேமராவும் கம்ப்யூட்டருமாக ஒரு தம்பி நின்றிருந்தான். யார் என்று கேட்டேன். "சும்மா பாக்க வந்திருக்காரு" என்றார்கள்.

என் வீட்டுக்காரர் வந்து நின்றார். மட்டையைத் தூக்கினார். மணிக்கட்டு ஸ்கேல் போல இருந்தது, அதில் நான் சத்தியம் செய்வேன். முழு வேகத்தில் இறக்கினார். மட்டை பந்தைத் தொட்ட அந்த நொடியில் அவர் விரல்கள் தாங்கவில்லை. கைப்பிடி உள்ளங்கைக்குள்ளேயே சுழன்றது. மணிக்கட்டு அசையவே இல்லை, முகம் மட்டும் திறந்துகொண்டது. பந்து வலப்பக்கம் வளைந்து, வளைந்து, கார் நிற்கிற இடத்தில் போய் எதன்மேலோ டங்கென்று விழுந்தது.

எல்லோரும் கார்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பல் டாக்டரின் குரல் கேட்டது. "மாஸ்டர்! மணிக்கட்டு உடையுது!"

எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இத்தனை வருஷமாகத் தான் கேட்டதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த மனிதரின் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கலாம் போல எனக்கு இருந்தது. என் வீட்டுக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உடையல சார். இது உடையாது" என்று மெல்லச் சொன்னார். சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

கேமரா தம்பி மறுவாரமே வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டான். மேனேஜர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "மாஸ்டர், நீங்க பந்து குடுக்கற கவுண்டர்ல உக்காந்துக்கங்க" என்றார். கூடையில் பந்தை நிரப்பி, அடிக்க வருகிறவர்களிடம் நீட்ட வேண்டிய வேலை. பயிற்சி இடத்துக்கு நேர் எதிரே அந்தக் கவுண்டர். நாள் பூராவும் தன்னுடைய இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாங்க என்றேன். போனார்.

பல் டாக்டர் அந்தத் தம்பியிடம் பாடம் கேட்க வந்தார். தம்பி படம் எடுத்துப் பார்த்தான். "உங்க மணிக்கட்டு அமைப்பே இப்படித்தான் சார், அதை விடுங்க. இடது கையை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பிடிங்க" என்றான். அவ்வளவே. டாக்டர் அடித்தார். பந்து நேராகப் போனது. இன்னொன்று அடித்தார். அதுவும் நேராக. பல வருஷத்து வினை ஒரு திருப்பில் தீர்ந்துவிட்டது. டாக்டர் குழந்தை மாதிரி குதித்தாராம்.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரு நிறைந்த கூடையை இடது கையால் தூக்கிக்கொண்டிருந்தார். கூடை கையிலிருந்து நழுவியது. பந்துகள் கவுண்டர் முழுக்க, படி முழுக்க, பயிற்சி செய்கிறவர்களின் காலடி முழுக்க உருண்டு ஓடின. ஓர் அம்மா அதில் ஒன்றை மிதித்துத் தடுமாறினார். ஒருவன் சொன்னானாம், "மாஸ்டர் கை இப்போ கூடைக்கும் ஆகல" என்று. மாலையில் மேனேஜர் தோளில் கை போட்டு, "வீட்டுல இருந்து நல்லா ஓய்வு எடுங்க மாஸ்டர்" என்றார். ஓய்வு என்றால் என்னவென்று எங்களுக்கும் தெரியும்.

இதையெல்லாம் அவர் என் கடையில் உட்கார்ந்துதான் சொன்னார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஒரு நாற்காலியில் அவர், இன்னொன்றில் நான், எதிரே கண்ணாடி. இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டோம்.

"திருப்பிப் பிடிச்சா சரியாயிடும்னு அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதா என்ன? நீங்கதானே அதைக் கள்ளத்தனம்னு சொல்வீங்க?"

"தெரியும்."

"இருங்க, இருங்க. அப்போ டாக்டரம்மா சொன்ன மாதிரி பின்னால வளைச்சு வெச்சிருந்தாலும், பிடியைத் திருப்பிட்டு நீங்க நேரா அடிச்சிருக்கலாமா?"

"அடிச்சிருக்கலாம்."

"கையில பலமும் இருந்திருக்கும்?"

"இருந்திருக்கும்."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அந்தம்மா சொன்னப்பவே."

நான் எழுந்துவிட்டேன். கையில் என்ன கிடைத்ததோ அதைத் தூக்கி எறிந்தேன். சீப்பு. அது கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்தது. "தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா இப்படிப் பண்ணிட்டு வந்தீங்க? மனுஷன்தானா நீங்க?"

"எல்லாரையும் திட்டினேனே. பிடியைத் தொடாதே, அது கள்ளத்தனம்னு. எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு? அதை நானே பண்ணிட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க நிக்கறது?"

நான் அழுதேன். கோபம் அதிகமா, வருத்தம் அதிகமா என்று எனக்கே தெரியவில்லை. அவர் குனிந்து சீப்பை எடுக்கப் பார்த்தார். இடது கையால் எடுத்தார், நழுவியது. வலது கையால் எடுத்து மேஜைமேல் வைத்தார். அடுத்த நாள் காலையில், அவரிடம் சொல்லாமல், நான் மட்டும் எலும்பு டாக்டரிடம் போனேன்.

"மறுபடியும் மாத்த முடியுமா டாக்டரம்மா?"

"முடியும். எலும்பை வெட்டித்தான் மாத்தணும், வலி இருக்கும், ஆறறதுக்கு நாளாகும். ஆனா முடியும். பின்னால கொஞ்சம் வளைச்சு வெச்சா பிடி திரும்பி வரும். அவரைக் கூட்டிட்டு வாங்க, சொல்லிப் பாக்கறேன்."

கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள். டாக்டரம்மா மாடல் எலும்பை வைத்துக்கொண்டு மறுபடி எல்லாம் சொன்னார். நானும் அதற்கு நடுநடுவே சொன்னேன்: பாட்டில் மூடி, பஸ் கம்பி, சட்டையின் வலது கையில் போடமுடியாத பொத்தான், மகள் வந்தால் அவள் பெட்டியை வாங்கிக்கொள்ள முடியாதது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சரிதான், இந்த முறை சம்மதித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் கடவுளுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன்.

"அப்போ வெச்சுடலாமா?" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் இடது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ! "வேண்டாம் டாக்டரம்மா. இப்படியே இருக்கட்டும்" என்றார்.

"ஏங்க?" என்றேன்.

"வளைச்சு வெச்சுக்கிட்டா, நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம் தப்புன்னு ஆயிடும்."

"யாருங்க கேக்கப் போறா? அந்த மைதானத்துல உங்களை நினைச்சுப் பாக்கக்கூட ஆள் இல்லைங்க!"

சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. சொல்லிவிட்டேன். டாக்டரம்மா படத்தை உறையில் போட்டு அவரிடம் கொடுத்தார். அவர் அதை வலது கையில் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரிக்கு முன்னால் பெரிய சாலை, வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை, ஆனாலும் என்ன செய்ய, கடந்தாக வேண்டும். அவர் வலது கையில் படம் இருந்ததால் இடது கையைப் பிடித்தேன். பாதிச் சாலைக்கு வந்தபோது ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பயந்துபோய் அவர் கையை இறுக்கினேன். அவரும் இறுக்குவார் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அந்த விரல்கள் என் கையில் சும்மா கிடந்தன. பிடித்திருந்தது நான் மட்டும்தான்.